அவர் தானாக விழவில்லை

இரண்டு வருடங்களுக்கு முன், ஜூன் மாதத்து மாலையொன்றில் திருகோணமலை ஓர்ஸ் ஹில் இறக்கத்தின் அடியில் நடந்தது இது. அந்தப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் நான் கிளார்க். வீடு பாலையூற்றில். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் லண்டனில். வீட்டில் நானும் ரேடியோவும்தான், அதிலும் ரேடியோ அவ்வப்போது மக்கர் பண்ணும்.

பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில், மூலையில் கிடந்த என் பழைய லேடீஸ் சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தேன். வரிசை முடிந்த பிறகும் அதை நான் விடவில்லை. மகனுக்கு அது பிடிக்கவில்லை. "இந்த வயசில சைக்கிள் வேண்டாம் அம்மா, விழுந்தா யார் இருக்கினம்? ஆட்டோவில போங்கோ" என்றான். சரி, வித்துப்போட்டேன் என்று சொல்லிவிட்டேன். விற்கவில்லை. காலையும் மாலையும் துறைமுகக் காற்று முகத்தில் அடிக்கும் அந்தப் பதினைந்து நிமிடங்களில்தான் நான் தனியாள் என்பது எனக்கு மறந்துபோகும்.

மகன் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் அழைப்பான். குளிர்காலத்தில் அது எனக்கு மாலை ஐந்தரை. கோடையில் அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிடுவார்கள், அழைப்பு நாலரைக்கு வரும். எனக்கு வேலை முடிவதோ நாலேகாலுக்கு. வீடியோவில் பார்ப்பான் என்பதால், சைக்கிளை வீட்டுக்குப் பின்னால் ஒளித்து, முகம் கழுவி, கதிரையில் ஆறுதலாக உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கவேண்டும். ஆகவே கோடை வந்தால் நான் ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் பிரேக்கைத் தொடுவதில்லை. அடியில் ஆட்கள் வீதியைக் கடக்கும் மஞ்சள் கடவையில் கார்கள் நிற்கும், நான் அவற்றின் பக்கத்தால் புகுந்து போய்விடுவேன். அலுவலகத்தில் எல்லோரும் கேலி செய்வார்கள். "சைக்கிளுக்கு என்ன ஸ்பீட் லிமிட்? நம்பர் பிளேட்டா இருக்கு, பிடிக்க?" என்று நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அன்றும் ஒரு வான் நின்றது. எதற்காக நின்றது என்று நான் பார்க்கவில்லை. பக்கத்தால் புகுந்தேன். வானுக்கு முன்னாலிருந்து ஒரு அம்மா கடவையில் வந்துகொண்டிருந்தார்.

இரண்டு பேரும் தார் வீதியில் கிடந்தோம். எனக்கு முழங்கால் உரசல் மட்டும். அவர் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார். கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் பெண்மணி, என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் இருக்கும். அவருடைய பையிலிருந்து புதுத் துணி வெளியே வந்து வீதியில் விரிந்து கிடந்தது. ஜன்னல் திரைக்கு வாங்கிய பச்சைப் பூத் துணி.

ஓடி வந்த ஆட்டோக்காரர் என்னைத்தான் முதலில் தூக்கினார். "சைக்கிள்தானே, அவ மெதுவாத்தான் வந்தவ. வயசான ஆக்கள் பாத்து வரவேணும்" என்று அந்த அம்மாவுக்குப் புத்தி சொன்னார். நான் மறுக்கவில்லை. மெதுவாகவா வந்தேன்? வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே வாசலில் இருக்கும் பொலிஸ்காரர் கொப்பியைத் திறந்து, எப்படி நடந்தது என்று கேட்டார். ஓய்வுக்கு இருப்பதே சில வருடங்கள், இதற்குள் வழக்கு என்று வந்தால் அலுவலகத்தில் என்ன சொல்வார்கள் என்று பயம் பிடித்துக்கொண்டது. "அவ கடவையில தடக்கி விழுந்திட்டா. நான் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்றேன். பக்கத்தில் இருந்த அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பொலிஸ்காரர் 'விழுந்து காயம்' என்று எழுதிக்கொண்டார்.

கை முறிந்திருந்தது. பிளாஸ்டர் போடக் காத்திருந்தபோது என் கைப்பைக்குள் போன் அடித்தது. மணி ஐந்தாகியிருந்தது, நாலரையிலிருந்து விடாமல் எடுத்துக்கொண்டிருந்தான். எடுத்தால் பின்னால் ஆஸ்பத்திரி தெரியும். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"எடுங்களேன் தங்கச்சி" என்றார் அவர்.

"மகன் அக்கா. சைக்கிளில போறனெண்டு அவனுக்குத் தெரியாது."

அவர் என் பக்கம் திரும்பினார். "எனக்கும் ஒரு மகன் இரிக்கான், கொழும்பில. ரெண்டு மாசத்துக்கு முன்ன குசினியில வழுக்கி விழுந்துட்டன். இன்னொருக்கா விழுந்தீங்கண்டா வீட்டப் பூட்டிட்டு உங்களக் கூட்டிட்டுப் போயிடுவன் உம்மா எண்டு சொல்லிட்டான். அங்க பிளாட் வீடு, கதவத் தொறந்தா ஆரோட பேசுற? நீங்க கொப்பியில எழுதவெச்சது அவன்ட காதில விழுந்தா, எண்ட வீடு முடிஞ்சிது."

அவர் கோபத்தோடு சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். நான் என் மகனிடம் சொன்ன பொய்யும், அவருக்கு எதிராகச் சொன்ன பொய்யும் ஒரே இடத்தில் வந்து நின்றன. தன் வீட்டில், தன் காலில் நிற்கவேண்டும் என்ற ஒரே ஆசைதான் எங்கள் இருவருக்கும். என்னுடையதைக் காப்பாற்ற அவருடையதைப் பிடித்துத் தள்ளிவிட்டேன்.

எழுந்து பொலிஸ்காரரிடம் போனேன். "சேர், நான் சொன்னது பிழை. அவ விழேல்ல. நான்தான் சைக்கிளால அடிச்சனான்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "சைக்கிள்தானே மிஸ்? விடுங்க. அவங்களும் ஒண்டும் சொல்லேல்லயே."

"இல்லை சேர், எழுதுங்கோ. அவ மஞ்சள் கடவையில வந்தவ. வான் நிண்டது, நான் நிக்கேல்ல."

"எழுதினா உங்களுக்குத்தான் கரைச்சல். சைக்கிள் எண்டாலும் கடவையில நிக்கத்தான் வேணும், சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான். நாங்கதான் பிடிக்கிறதில்ல." அதுவரை என் வாழ்நாளில் யாரிடமும் என்னைப் பிடியுங்கள் என்று கெஞ்சியதில்லை. அன்று கெஞ்சினேன். முணுமுணுத்துக்கொண்டே பழைய வரியை வெட்டிப் புதிதாக எழுதினார். கையெழுத்து வைத்தேன். பிற்பாடு ஒருநாள் பொலிஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பினார்கள், அது வேறு கதை.

திரும்பி வந்து, அவருடைய மகனை அழைக்கச் சொல்லிப் போனை நானே வாங்கினேன். "தம்பி, உங்கட உம்மா விழேல்ல. நான் சைக்கிளில வேகமா வந்து அடிச்சிட்டன். முழுப் பிழையும் என்னில. பொலிஸிலயும் எழுதியிருக்கு" என்றேன். கண் தெரியாதா, வயதுக்கேற்ற அறிவில்லையா என்று அந்தப் பிள்ளை பத்து நிமிடம் ஏசினான். ஓம் தம்பி, ஓம் தம்பி என்று கேட்டுக்கொண்டேன். கணவர் போன பிறகு என்னை யாரும் அவ்வளவு நேரம் ஏசியதில்லை. அந்த அக்கா பிளாஸ்டர் கையை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து சிரித்தார்.

அன்று வீட்டுக்குப் போய் விளக்குக்கூடப் போடாமல் மகனை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "இந்த நாலரையால தானே இவ்வளவும்? நான் அஞ்சு மணிக்கும் கோல் எடுக்கலாமே அம்மா. ஒருக்காச் சொல்லியிருக்கலாமே" என்றான். ஒரு வார்த்தையில் முடிந்த விஷயத்துக்குத்தான் இரண்டு கோடையாக நான் அந்த இறக்கத்தில் பறந்திருக்கிறேன்.

அதற்கு மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். கொஞ்சம் பழங்களும், அந்தத் திரைத் துணியைத் தைத்துக் கொடுக்கலாம் என்ற எண்ணமும் கையில் இருந்தன. விசாரித்துக் கண்டுபிடித்த வீட்டின் கதவில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்னார்: "ஒத்தக் கையால ஆக்கித் தின்ன ஏலாதே. பிளாஸ்டர் கழட்டினதும் கொண்டு வந்து விடுறனெண்டு மகன் கூட்டிட்டுப் போனாரு. அவ போற நேரம், நான் விழல்ல, சைக்கிள்தான் அடிச்ச எண்டு தெரு முழுக்கச் சொல்லிட்டுத்தான் போன."

ஜன்னலில் பச்சைப் பூத் திரை தொங்கியது. ஓரம் மடித்துத் தைக்காமல், கயிற்றில் அப்படியே போட்டிருந்தார். பழங்களை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன். பிளாஸ்டர் கழற்றும் காலம் கடந்த பிறகும் மூன்று முறை போனேன், பூட்டு அப்படியேதான் இருந்தது. போன் நம்பர் கேட்டு வைக்கவும் அன்று ஆஸ்பத்திரியில் எனக்குத் தோன்றவில்லை, பக்கத்து வீட்டிலும் அது இருக்கவில்லை.

இப்போதும் சைக்கிளில்தான் போகிறேன், மகனுக்குத் தெரிந்தே. இறக்கத்தின் அடியில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் கடவையைத் தாண்டுகிறேன். சைக்கிளுக்கு ஸ்பீட் லிமிட் உண்டா என்று அலுவலகத்தில் இன்னும் கேட்டுச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, என் பதினைந்து நிமிட அவசரம் பூட்டிய கதவு ஒன்று கிண்ணியாவில் யாராவது வந்து திறக்கட்டும் என்று இன்னும் காத்திருக்கிறது.