பல்லில்லாத அப்பாவும் உப்பில்லாத உருளைக்கிழங்கும்

நான் குடியிருக்கும் ஜெர்மன் சிற்றூரில் பல் பிடுங்கிக்கொண்டவன் பால் குடிக்கக் கூடாது. பல் டாக்டரம்மா இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வாய் மரத்துப்போயிருந்ததால் சிரிக்க முடியவில்லை. நம்மூரில் காய்ச்சலா, பால். மயக்கமா, பால். இங்கே பால், தயிர், வெண்ணெய் எல்லாம் புண் ஆறும்வரை விலக்கு. ஆப்ஃபெல்மூஸ் சாப்பிடு என்றார். ஆப்பிளை வேகவைத்து மசித்துப் பாட்டிலில் அடைத்து விற்பார்களே, அதுதான். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து ஸ்பூனால் தின்றுகொண்டு, வீங்கிய கன்னத்தோடு தனியாக உட்கார்ந்திருந்தேன். பச்சைக் குழந்தைக்கு ஊட்டுகிற பண்டத்தை எனக்கு நானே ஊட்டிக்கொள்கிற நிலைமை.

மேல்வீட்டுக்காரர் கிளவுஸ், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். என் கன்னத்தைப் படிக்கட்டில் பார்த்துவிட்டு, சாயங்காலம் மூடி போட்ட பாத்திரத்தோடு வந்தார். கார்டோஃபெல்பிரை: மசித்த உருளைக்கிழங்கு. எனக்காகப் பால் சேர்க்காமல், கொஞ்சம் ஜாதிக்காய் மட்டும் துருவிப் போட்டிருந்தார். உள்ளே வாங்க என்றேன். மாட்டேன் என்று போய்விட்டார். வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருகிற வழக்கம் நமக்கு ஏது? ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கை அதில் நிரப்பிக் கொடுத்தேன். அவர் ஒன்றை எடுத்துப் பார்த்து, தன் முன்பல்லை நகத்தால் தட்டி, என்னுடையது இல்லை என்றார். முறுக்கு தனக்கில்லை என்கிறாராக்கும் என்று எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. நான் விழிப்பதைப் பார்த்த மனிதர் இரண்டு விரலை வாய்க்குள் விட்டு மேல்வரிசை மொத்தத்தையும் கழற்றிக் காட்டிவிட்டார். பொக்கை வாயோடு சிரிப்பு வேறு. யாரோ எவரோ, என் முன்னால் பல்லைக் கழற்றிக் காட்டிய முதல் ஆள் அவர்தான். அது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் திருப்பூரில் அப்பாவுக்கு மிச்சமிருந்த பற்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. ஈறு ஆறி, பல்செட் கட்ட இரண்டு மாதமாவது ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லீவு போட்டு ஓடினேன். அம்மா போன பிறகு அப்பாவுக்கு நான் ஒரு வேளைகூடச் சமைத்துப் போட்டதில்லை. இந்தத் தடவையாவது என் கையால் வயிறார அவர் சாப்பிடுவதைப் பார்த்துவிட வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அடுப்படியில் எனக்கென்ன தெரியும்? பல் பிடுங்கினவன் சாப்பாடு மட்டும் தெரியும். அனுபவப்பட்டவன் ஆயிற்றே.

எங்கள் வீடு மங்கலம் ரோட்டில் இருக்கிறது. முன்னால் வீடு, பின்னால் தகரம் வேய்ந்த பனியன் கம்பெனி. அப்பா நடத்திய கம்பெனிதான். இப்போது வேறொருவர் வாடகைக்கு எடுத்து, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறார். கம்பெனி கைமாறினாலும் டெய்லர் பிகாஷ் மாறவில்லை. ஒடிசாக்காரன். மீசை முளைக்கும் வயதில் வந்தவன், பின்கட்டு அறையிலேயே தங்கி ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுகிறான். நான் கார் விட்டு இறங்கியதும் பெட்டியை வாங்கிக்கொண்டு, "ஏனுங்ணா, பிரயாணமெல்லாம் சௌரியமுங்களா?" என்றான். என் வாயில் இந்தக் கொங்குத் தமிழ் தேய்ந்து பல வருஷமாயிற்று. வந்த நிமிஷமே எனக்குச் சுருக்கென்றது.

முதல் நாள், இது நம்மூர்தானே என்று டாக்டரம்மாவின் விலக்கை ஒதுக்கிவிட்டு, தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து கொடுத்தேன். தயிர் குளிர்ச்சி, ஈறு வீங்கிக்கும் என்று நினைத்திருப்பார் போல. வாயைத் திறந்து சொல்லவில்லை. "வவுறு நெறஞ்சுருச்சு சாமி" என்றார், துண்டால் வாயை மூடிக்கொண்டு. நான் எதிரே இருக்கும்போதெல்லாம் அந்தத் துண்டு வாயை விட்டு இறங்கவே இல்லை. மறுநாள் இட்லியையும் சாம்பாரையும் மிக்சியில் போட்டு ஓட்டி டம்ளரில் கொடுத்தேன். நெடுநேரம் டம்ளரையே பார்த்தார். "நல்லாருக்குது சாமி, வெச்சுரு, அப்பறமாக் குடிக்கறேன்" என்றார். அப்புறம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளவுஸ் செய்முறையில் உருளைக்கிழங்கு மசித்தேன், ஜாதிக்காய் துருவி. ஒரு வாய் தொட்டார், அது கிழங்கு, வாயு, ராத்திரிக்கு வேண்டாம் என்றார், அதையும் கெஞ்சுகிற குரலில். எதை வைத்தாலும் ஒரு குறை சொன்னதில்லை. வீட்டுக்கு வந்த சம்பந்திக்குப் பதில் சொல்வது போல அத்தனை மரியாதை.

ஆனால் ஆள் இளைக்கவில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு மத்தியானம் கம்பெனியில் மிஷின் ஓய்ந்த நேரம் அப்பாவைக் காணோமென்று பின்கட்டுக்குப் போனேன். கடுகெண்ணெய் வாசம். துணி வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் மூட்டைமேல் அப்பா உட்கார்ந்திருந்தார். துண்டு தோளில் கிடந்தது. தரையில் பிகாஷ். நடுவில் ஒரே தட்டு. முந்தின ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோறு, அவர்கள் ஊரில் பகாளா என்பார்கள். பக்கத்தில் ஒரு உருண்டை, சத்தியமாகச் சொல்கிறேன், மசித்த உருளைக்கிழங்கு! என் கிழங்கு வாயு, அவன் கிழங்கு மட்டும் அமிர்தமாக்கும். அவன் தன் பங்குக்குப் பச்சை மிளகாயைத் தனியாகக் கடித்துக்கொண்டிருந்தான். அப்பா அந்த உருண்டையிலிருந்து பிட்டு, பொக்கை வாயை அகலத் திறந்து போட்டுக்கொண்டார். ஈறு தெரிந்தது, நாக்கு தெரிந்தது, தாடை ஏறி இறங்கியது.

"ஏண்டா பிகாசு, உப்பென்ன கடன் வாங்கியா போட்ட?" என்று அதட்டினார். அவன் சிரித்தபடி ஒரு சிட்டிகை தூவினான். பிறகு அப்பா சொன்னதும் என் காதில் விழுந்தது: "என்ற பையன் இட்லிய அரச்சு சாயத்தண்ணியாட்ட ஒண்ணு குடுத்தான். பாவம், எத்தன தூரத்துலருந்து வந்துருக்கறான், வேண்டாம்னா சொல்ல முடியும்?"

வந்த வழியே திரும்பினேன். பொறாமைதான், அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க நான் தயாரில்லை. வயிறு எரிந்தது. அவன் தட்டில் இவர் சாப்பிட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த அதட்டல் இருக்கிறதே, அது எனக்குச் சேர வேண்டிய அதட்டல். சின்ன வயதில் தொங்குகிற நூல் பிசிரை வெட்டாமல் பனியனை மடித்து வைத்தால் இதே குரலில்தான் விழும். பெற்ற பிள்ளைக்கு உபசாரம், பிழைக்க வந்தவனுக்குத் திட்டு. பிழைக்க வந்தவன் என்று நினைத்த உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். நான் மட்டும் ஜெர்மனிக்கு எதற்குப் போயிருக்கிறேனாம்? ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை. அன்று பிகாஷ் வந்து பேச்சுக் கொடுத்தபோது வெடுக்கென்று பதில் சொன்னேன். அவன் அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனது இன்னும் எரிந்தது.

கிளம்புகிற நாள் வந்தது. கம்பெனியில் அவசர ஷிப்மெண்ட், சாப்பாட்டு நேரத்திலும் மிஷினை நிறுத்தமாட்டார்கள். நான் உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்தேன். கடுகெண்ணெய் கேட்க வாய் வரவில்லை. பிகாஷின் அலமாரியிலிருந்து சொல்லாமல் எடுத்து ஊற்றினேன், திருட்டுத்தான். தட்டை டைனிங் டேபிளுக்குக் கொண்டுபோகவில்லை. பின்கட்டில் அவன் உட்காரும் இடத்தில் தரையில் உட்கார்ந்து, அப்பாவைக் கூப்பிடாமல் நானே சாப்பிட ஆரம்பித்தேன். வழக்கமான நேரத்துக்கு அப்பா வந்தார். என்னைப் பார்த்ததும் கை துண்டுக்குப் போனது. நான் நிமிரவில்லை, பசித்தவன் மாதிரி தின்றுகொண்டிருந்தேன். மூட்டைமேல் உட்காருகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவர் கை என் தட்டுக்குள் வந்தது. பிட்டார், வாயில் போட்டார்.

"த்தூ, உப்பே போடலயாடா நீயி? இத எப்படிடா முழுங்கறே?"

போடத்தான் மறந்திருந்தேன். எண்ணெய் திருடிய பதற்றத்தில் உப்பு நினைவே வரவில்லை. தலைகால் புரியவில்லை எனக்கு. உப்பு எடுத்துவரப் போனவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். பிகாஷ் தன் பகாளாவோடு வந்து சேர்ந்ததும் அப்பா காலை ஒதுக்கி அவனுக்கு இடம் விட்டார். மூன்று பேரும் சாப்பிட்டோம். அவன் பிசைந்த சோற்றில் எத்தனை வாய், என் கிழங்கில் எத்தனை வாய் என்று என் கண் அளந்துகொண்டேதான் இருந்தது. மனிதப் புத்தி.

திரும்பி வந்து மூன்று மாதம் ஓடிவிட்டது. அப்பாவுக்குப் பல்செட் கட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை இங்கே எனக்குக் காலை, அங்கே அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம், அப்போதுதான் வீடியோவில் கூப்பிடுவேன். போன வாரம் படம் வருவதற்குள் குரல் வந்துவிட்டது. காற்றுப் போகிற பொக்கைக் குரல்: "டேய் பிகாசு, பையன் கூப்புடறான், அந்தப் பல்ல எடுத்துக் குடு." பிறகு படம் வந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், முத்து முத்தாக இரண்டு வரிசைப் பல். படத்தின் ஓரத்தில் அந்தத் தட்டும், பிகாஷின் கையும்.

என் மேசையிலும் ஒரு தட்டு இருந்தது. கிழங்கு மசித்துக் கடுகெண்ணெய் விட்டது. இங்கே ஒரு பங்களாதேஷ்காரர் கடையில் தேடிப் பிடித்த எண்ணெய். போனைத் திருப்பித் தட்டைக் காட்டினேன்.

"உப்பே போடலப்பா" என்றேன். சொல்லிவிட்டு அந்த அதட்டலுக்குக் காத்திருந்தேன்.

அப்பா பல் அத்தனையும் தெரியச் சிரித்தார். "அதனாலென்னங் சாமி, உப்புக் கொறச்சாத்தான் ஒடம்புக்கு நல்லதுங்க" என்றார்.