ஏழரைக்கு மேல் போடாத வில்ஃப்ரீட்

வில்ஃப்ரீட் டோபலாரே என்னோடு ஒன்றாம் வகுப்பில் படித்தவன். அதனால் 'அவர், இவர்' என்ற மரியாதையெல்லாம் என்னிடம் அவனுக்குக் கிடைக்காது. முப்பத்தைந்து வருடம் வண்டிகளுக்கு எஃப்.சி. பார்க்கும் நிலையத்தில் வேலை செய்தான். எங்கள் எல்ஸென்கபெல் ஊரில் அவன் கையால் 'தேறவில்லை' என்ற சிவப்புச் சீட்டு வாங்காத வண்டி கிடையாது. பாதரின் காரில் வைப்பர் சரியாகத் துடைக்கவில்லை என்று திருப்பி அனுப்பினான். பாதர் இரண்டு வாரம் மழையில் சைக்கிள் மிதித்து வந்து, இரக்கத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் வைத்தார். இவன் முதல் வரிசையில் உட்கார்ந்து, யாருக்கோ சொல்கிறார் என்று தலையாட்டிக்கொண்டிருந்தான். ஒருமுறை தன் சொந்தக் காரையே தேறவில்லை என்று எழுதிவிட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை நிலையம் மூடியிருக்கும். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? வண்டிக்குப் போட்டது போதாதென்று பீருக்கு மார்க் போட ஆரம்பித்தான்.

கோயிலுக்கு எதிரே இருக்கும் கஃபே என்னுடையது. என் பெயர் நொயெல்லா. மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் என் ஜன்னலோர மேசைக்கு வந்துவிடுவான். ஒரு தட்டு சீஸ் துண்டுகள், கொஞ்சம் கடுகு விழுது, கறுப்பு அட்டை நோட்டு. பீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். நுரையை விரலால் அளப்பான். மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடுவான். ஒரு வாய் குடித்து, கோப்பையைக் கீழே வைத்து, மூன்று நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருப்பான். அதற்குள் யாராவது தும்மினால் மறுபடி முதலிலிருந்து. பிறகு இரண்டாவது வாய், பிறகு மார்க். பத்துக்கு ஐந்து, ஐந்தரை, ஆறு. துறவிகள் மடத்தில் காய்ச்சுகிற பீருக்கு ஊர் உலகமே வரிசையில் நிற்கிறது. இவன் ஏழு போட்டு, 'நுரையில் அவசரம் தெரிகிறது' என்று எழுதினான்.

ஒவ்வொரு பீருக்கும் அதற்கென்று ஒரு கோப்பை உண்டு, ஒன்றின் கோப்பையில் இன்னொன்றை ஊற்றக் கூடாது. அது எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். ஆனால் வில்ஃப்ரீட் அதில் வெறியன். தங்கை மகளின் கல்யாணத்தில் தண்ணீர் டம்ளரில் பீர் கொடுத்தார்கள் என்று, கேக் வெட்டுவதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டான். தங்கை இன்றுவரை அவனோடு பேசுவதில்லை.

இப்படிப்பட்டவனுக்கு ரொசெட் மேல் ஆசை வந்தது.

ரொசெட் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். புருஷன் போன பிறகு மாட்டுத் தொழுவத்தைக் கழுவிவிட்டு, இரண்டு பெரிய அண்டாக்களை வைத்து பீர் காய்ச்ச ஆரம்பித்தாள். புருஷன் போனான் என்றால் செத்துப் போகவில்லை. அவன் எதையும் பாராட்டுகிற ஆள். தீய்ந்த கறியையும் பாராட்டுவான், புது முடிவெட்டையும் பாராட்டுவான். கடைசியில் பக்கத்து ஊரில் இன்னொருத்தியையும் அதே வாயால் பாராட்டிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அன்றிலிருந்து யாராவது 'பிரமாதம்' என்று சொன்னாலே ரொசெட்டுக்குக் குமட்டும்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, என் கஃபே நடுவில் வில்ஃப்ரீட் அவள் முன்னால் மண்டியிட்டான். முட்டி பிடித்துக்கொண்டதால் கேள்வி கேட்டு முடித்த பிறகும் எழ முடியவில்லை. ரொசெட் அவனைத் தூக்கி நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"என் பீருக்கு நீ என்னிக்கு எட்டு போடறியோ, அன்னிக்கு உன்னைக் கட்டிக்கறேன். ஆனா மனசறிஞ்சு போடணும். பொய்யாப் போட்டே, அண்டாவுல உன்னையும் சேத்து வேக வெச்சிருவேன்."

அடுத்த மாதம் அவன் போட்டது ஏழரை. அதற்கடுத்த மாதமும் ஏழரை. அவளிடம் 'மாமியார்' என்று ஒரு கசப்பு பீர் உண்டு, ஏழரை. 'பாதரின் தூக்கம்' என்று ஒரு வெளிர் பீர் உண்டு, ஏழரை. வெறுத்துப் போய் ஒரு கறுப்பு பீர் காய்ச்சி அதற்குக் 'கழுதை' என்று பெயர் வைத்தாள். யாரை நினைத்து வைத்தாள் என்று ஊருக்கே தெரியும். இவன் மட்டும், 'பொருத்தமான பெயர், நன்றாக உதைக்கிறது, ஏழரை' என்று எழுதினான். ஏழரை நாட்டுச் சனிகூட ஏழரை வருடத்தில் விட்டுவிடும். இது பதினோரு வருடம் ஓடியது.

நான் அவனிடம் சண்டைகூடப் போட்டேன். "யோவ், அரை மார்க்குய்யா! ஒரு கோடு மாத்திப் போட்டா வீட்டுல ஒரு பொம்பள இருப்பா. ராத்திரி தனியா சூப் குடிக்கற முகரைக்கு என்னய்யா இவ்ளோ வீம்பு?"

"பிரேக் பிடிக்காத வண்டிக்குத் தேறிச்சுன்னு சீட்டு குடுத்தா எவனாவது சாவான், நொயெல்லா."

"இது பீருய்யா!"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவனுக்கு மட்டும் வலிக்கவில்லையா? ஒவ்வொரு முறையும் ஏழரை எழுதிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நேராகக் கழிப்பறைக்குப் போய்விடுவான்.

போன வசந்தத்தில் ரொசெட் ஒரு முடிவுக்கு வந்தாள். ஒஸ்டெண்டில் கடலோரம் இருக்கும் அவள் அக்கா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இவளுக்கும் அறுபத்து நாலு வயது, அண்டாவைத் தூக்க இடுப்பு ஒத்துழைக்கவில்லை. வில்ஃப்ரீட்டிடம் நேராகவே கேட்டாள்.

"ஜூலை திருவிழா வரைக்கும்தான் பாப்பேன். அப்புறம் தொழுவத்தை வித்துட்டு அக்காகிட்டப் போயிடுவேன். அந்த அரை மார்க் எங்கதான்யா போகுது? சொல்லித் தொலை."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உன் பீருக்குச் சொந்தமா ஒரு கிளாஸ் இல்ல. அடுத்தவன் பேர் போட்ட கிளாஸ்லதான் நீ குடுக்கறே. மனசு ஒப்ப மாட்டேங்குது."

"இதப் பதினோரு வருஷமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

பக்கத்தில் சீஸ் வெட்டிக்கொண்டிருந்த என் கையில் கத்தி இருந்தது. எப்படியோ பொறுத்துக்கொண்டேன்.

ரொசெட் தானே உட்கார்ந்து கோப்பைக்குப் படம் வரைந்தாள். அடிப்பாகம் முட்டை மாதிரி உருண்டை, அது உட்கார ஒரு மரத்தாங்கி. கண்ணாடிக் கோப்பைகள் இருநூறும் திருவிழாவுக்கு முந்தின வாரம் வந்து இறங்கின. பார்க்கக் கண் கொள்ளவில்லை. மரத்தாங்கி செய்ய வேண்டியவன் எங்கள் ஊர்த் தச்சன் மொரீட்ஸ். அந்த வாரம் பார்த்து, பார்சிலோனாவில் திறந்துவிட்ட புறாக்கள் வீடு திரும்ப வேண்டிய பந்தயம். அவனுடைய நீலப் பெட்டைப் புறா திரும்பி வரவில்லை. மொரீட்ஸ் உளியைக் கீழே போட்டுவிட்டு, கொல்லையில் நாற்காலி போட்டு, ஐந்து நாள் வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். புறா வராதபோது ஒருவனிடம் வேலையைப் பற்றிப் பேச எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது. ரொசெட்டுக்கும் வரவில்லை. ஆக, தாங்கி ஒன்றுகூட இல்லை.

திருவிழா ஞாயிறு என் கஃபேயில் நிற்க இடமில்லை. வெளியே பேண்டு வாத்தியம். ரொசெட் புதுக் கோப்பையில் கழுதையை ஊற்றிக் கொடுத்தாள். வில்ஃப்ரீட் அதை இரண்டு கையாலும் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தான். அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். மூக்கை விட்டான். ஒரு வாய் குடித்தான். கீழே வைக்கப் போனான்.

கோப்பை உருண்டது. பாய்ந்து பிடித்தான்.

"கொடுப்பா, நான் பிடிச்சுக்கறேன்" என்றார் பாதர்.

"வேணாம், உங்க கை சூடு."

சீஸ் தட்டில் சாய்த்து வைத்துப் பார்த்தான், நிற்கவில்லை. தொடை நடுவில் இடுக்கிக்கொண்டான், பேன்ட் நனைந்தது. கடைசியில் இடது கையில் கோப்பை, வலது கையில் பேனா, நோட்டைத் தாடையால் மேசையோடு அழுத்திக்கொண்டு மூன்று நிமிடம் அப்படியே இருந்தான். அதற்குள் நுரை செத்துவிட்டது. பீர் உள்ளங்கைச் சூட்டில் வெதுவெதுப்பாகிவிட்டது. இரண்டாவது வாய் குடித்தான். முகம் வெளுத்தது.

"சொல்லுய்யா" என்றாள் ரொசெட்.

"ஏழரை."

கூட்டம் முழுக்க 'அட பாவி' என்றது. ரொசெட் திட்டவில்லை. இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, மடித்து, கவுண்டர் மேல் வைத்தாள். "சரி நொயெல்லா, நான் போய் அக்காவுக்கு ஃபோன் பண்றேன்" என்று பின்கட்டுக்குப் போனாள். எனக்கு அவனை அங்கேயே கொன்று போடலாம் போல இருந்தது.

வில்ஃப்ரீட் அந்த உருண்டைக் கோப்பையைக் காலி செய்து மடியில் போட்டுக்கொண்டான். மேசையில் புட்டியில் பாதி பீர் மிச்சம் இருந்தது. பக்கத்தில் நான் காபி குடித்துவிட்டு வைத்த கப் கிடந்தது. என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், அவன் அதை எடுத்துக் கடகடவென்று ஊற்றினான். வில்ஃப்ரீட் டோபலாரே, காபிக் கப்பில், பீர்! ஒரு வாய் விழுங்கிவிட்டுக் கப்பைக் கீழே வைத்தான். அது நின்றது. அவன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இந்த முறை நிமிடத்தை எண்ணவில்லை, துக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பிறகு இன்னொரு வாய் குடித்தான்.

அப்படியே நிறுத்தினான். கப்புக்குள் எட்டிப் பார்த்தான்.

"ரொசெட்!" என்று கத்தினான். வெளியே வாசித்துக்கொண்டிருந்த டிரம்பெட்காரன் பயந்து நிறுத்திவிட்டான். "ரொசெட்! எட்டு!"

அவள் கையில் ஃபோனோடு பின்கட்டு வாசற்படியில் வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை.

"பாவம் பாத்துப் போடறியா?"

"நான் யாருக்குப் பாவம் பாத்தேன்? பாதர் வண்டிக்கே பாக்கல."

"அது வாஸ்தவம்" என்றார் பாதர்.

"நான் ஊரை விட்டுப் போறேன்னதும் பயந்து போடறே. எனக்கு இந்த மாதிரி எட்டு வேணாம்யா. இந்த மாதிரி எட்டு ஒருத்தன்கிட்ட நெறைய வாங்கியாச்சு."

வில்ஃப்ரீட் நோட்டைப் பார்த்தான். கப்பைப் பார்த்தான். மெதுவாகச் சொன்னான்:

"சரியாச் சொல்லணும்னா… எட்டு இல்ல."

"ஏழு புள்ளி எட்டு. இந்தக் கப்புல எவன் பேரும் இல்ல, கீழ வெச்சா நிக்குது, பீர் முழுசாத் தெரிஞ்சுது. காபி வாசம் மட்டும் லேசா இருந்துச்சு, அதுக்குப் புள்ளி ரெண்டு கழிச்சேன். நான் அரை அரையாத்தான் போடற வழக்கம், அதனால எட்டுன்னு வருது. நீ ஏழு புள்ளி எட்டை எட்டுன்னு ஒத்துக்க மாட்டேன்னா, அதுவும் நியாயம்தான்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. யாரோ பின்னாலிருந்து "அவன் வாய்ல துணியத் திணிங்கடா" என்று கத்தினார்கள்.

ரொசெட் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். "பொய் சொல்றவன் இப்படிச் சொல்ல மாட்டான்" என்றாள். "உலகத்துல எவனும் சொல்ல மாட்டான்." ஃபோனில் அக்கா 'ஹலோ, ஹலோ' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரொசெட் அதை அணைத்துவிட்டு வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள்.

கவுண்டருக்குப் பின்னால் குனிந்து நான் அழுதேன். வெட்கமில்லை, சந்தோஷத்தில் அழுதேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தபோது அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்: "ஏன்யா, எனக்கு எவ்ளோ போடுவே?"

அவன் கண்ணை மூடினான். நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டான். ரொசெட் அவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள்.