தொட்டுப் பார்க்காத வயிறு

பேகம்பூர் அப்துல் ஜப்பார் ராவுத்தருக்கு 1962-ல் வயது எண்பத்திரண்டு. நம் ஊரில் அதுவே ஒரு வியாதிதான். அதற்கு மேல் இன்னொன்று வந்தால் டாக்டர்களுக்குக் கோபம் வந்துவிடுகிறது.

ஐம்பது வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரித்தவர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவு தடவினால் போதும். கத்திவெட்டு, உண்ணிக்கடி, சாட்டைத் தழும்பு எல்லாம் விரலுக்குத் தெரிந்துவிடும். "ஒண்ணாம் நம்பர்" என்றோ "கழிவு" என்றோ அவர் சொல்லிவிட்டால் முதலாளிகூட மறுபேச்சுப் பேசமாட்டார்.

அந்த வருஷம் ஐப்பசியில் சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. காலையில் குடித்த கஞ்சி சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. கைலி இடுப்பில் நிற்கவில்லை. மகன் நூர் முகமது, ஊரில் பெயர்பெற்ற டாக்டர் ஒருவரிடம் அழைத்துப் போனார். டாக்டர் நோயாளியைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தார்.

"பெரியவருக்கு என்ன வயசு?"

"எண்பத்திரெண்டு சார்."

பேனாவை மூடிவிட்டார். வைத்தியம் முடிந்தது.

"வயித்துல புத்துநோயா இருக்கும். இந்த வயசுல அறுக்கவா முடியும்? கேட்டதக் குடுங்க, சந்தோஷமா வச்சுக்கங்க."

கேட்டதைக் கொடுக்கலாம், உள்ளே இறங்க வேண்டாமா? எதிரே இருப்பவருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதும் யாருக்கும் தோன்றவில்லை.

"டாக்டரய்யா," என்றார் ராவுத்தர். "அம்பது வருசமாத் தோல் பாக்குறேன். ஒரு நாளாச்சும் மாட்டுக்கு என்ன வயசுன்னு கேட்டு நம்பர் போட்டதில்ல. தொட்டுப் பாத்துத்தான் போடுவேன். நீங்க என் வயித்தத் தொடவே இல்லையே?"

"அத்தா, செத்த நேரம் சும்மா இருங்க," என்று மகன் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏலே, நீ சும்மா இரு. பசி உனக்கா, எனக்கா?"

வீட்டுக்கு உறவினர்கள் வந்தார்கள். பேரன் பேத்தி எடுத்தாச்சு, ஆண்டு அனுபவிச்சாச்சு, இனி என்ன வேணும் என்று ஆறுதல் சொன்னார்கள்.

"சோறு வேணும்," என்றார் ராவுத்தர்.

யாருக்கும் காத்திராமல் ஒரு நாள் மதுரைக்கு பஸ் ஏறிவிட்டார். மகன் பின்னாலேயே ஓடிப்போய் ஏறினார். அங்கே ஒரு சர்ஜன், வயிற்றில் கை வைத்து அமுக்கினார். இடுப்பைப் பிடித்துக் குலுக்கினார். வயிறு பாதி நிறைந்த குடம்போல் சலசலத்தது. எவ்வளவு தூரம் நடப்பீர்கள், மூச்சு வாங்குமா என்று கேட்டார். கடைசியாகத்தான் வயது கேட்டார். பிறகு மகனை விட்டுவிட்டு ராவுத்தரிடமே பேசினார்.

"கட்டிய எடுக்க முடியாது பாய், ஈரல் வரைக்கும் போயிருச்சு. ஆனா இரைப்பையில வேற எடத்துல குடலச் சேத்துத் தச்சுட்டா சோறு எறங்கும். மயக்கத்துலருந்து எந்திரிக்காமலும் போகலாம். என்ன சொல்றீங்க?"

ராவுத்தர் திகைத்துப்போனார். அவரையே ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எத்தனாம் நம்பர் போடுறீங்க?"

சர்ஜனுக்குத் தோல் ஷாப்பு தெரிந்திருக்க வேண்டும். "மூணு," என்றார்.

"கழிவு இல்லேல்ல? அப்பத் தைங்க."

ஏழு மாதம் சாப்பிட்டார். நோன்பு வைக்க முடியாவிட்டாலும் பள்ளிவாசல் நோன்புக்கஞ்சியில் இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார். வைகாசியில் இறந்தார்.

நகராட்சியில் இறப்பைப் பதிய மகன் போனார். குமாஸ்தா கேட்டது ஒரே கேள்வி: "வயசு?"

"எண்பத்திமூணு."

காரணம் என்ற இடத்தில் 'முதுமை' என்று எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நூர் முகமது ஜன்னல் கம்பியை விடவில்லை.

"அடிச்சு எழுதுங்க சார். எங்கத்தா வயசால சாகல. வயித்துல புத்து. தொட்டுப் பாத்தவரு எழுதுன சீட்டு இந்தா இருக்கு."

"எதுவானா என்ன பாய், போனவரு திரும்பியா வரப்போறாரு?"

பின்னால் வரிசை நீண்டது, வைதது. அடித்து எழுதும்வரை அவர் நகரவில்லை.