பதிமூன்று எங்கிருந்து வந்தது?

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது இப்போது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. மற்றபடி அலுவலகத்திலும் தெருவிலும் சொந்தக்காரர்கள் மத்தியிலும் அவர் 'நூறு'தான். இருபத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், பள்ளி இறுதித் தேர்வில் உயர்கணிதப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினார். அதற்குப் பிறகு அவர் வாங்கியதெல்லாம் காய்கறிதான். அதிலும் சொத்தை பார்த்து வாங்கத் தெரியாது என்பது அவர் மனைவியின் அபிப்பிராயம்.

குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பிரிவில் வேலை. கணக்கு முழுவதையும் கம்ப்யூட்டரே போட்டுவிடும். வருகிற புகார்களில் தேதி முத்திரை குத்தி, அடுத்த மேஜைக்குத் தள்ளுவதுதான் இவர் பங்கு. ஆனாலும் புதிதாக யார் வேலைக்கு வந்தாலும், முதல் வாரத்துக்குள் அந்த நூறு எப்படியோ காதில் விழுந்துவிடும். மழை பெய்கிறது என்று நீங்கள் பேச்சை ஆரம்பித்தால், அந்தத் தேர்வு நாளன்று கூட இப்படித்தான் மழை என்று அவர் முடிப்பார். பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே தம்பட்டம்தான். மாப்பிள்ளைக்குக் கணக்கில் நூறாமே என்று அந்த வீட்டுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். பெண் மட்டும், நூறு வாங்கியவர் ஏன் முத்திரை குத்துகிறார் என்று யோசித்தாளாம். யோசித்ததை வெளியே சொல்லாமல் கழுத்தை நீட்டிவிட்டாள், பாவம்.

அந்த நூறு எப்படி வந்தது என்று தெரிந்தால் உங்களுக்கே அவர்மேல் ஒரு மரியாதை வரும். பாடப்புத்தகத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கணக்குகள். நானூற்றுப் பன்னிரண்டையும் மனுஷன் உருப்போட்டார். வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம், கலப்பெண், வெக்டர் எதையும் விடவில்லை. புரிந்துகொள்ளும் வேலையெல்லாம் கிடையாது, அதற்கு ஏது நேரம்? பக்கம், கணக்கு எண், முதல் வரி, கடைசி வரி. இன்றைக்கும் தேநீர் இடைவேளையில் அலுவலக நண்பர்கள் சும்மா சீண்டிப் பார்ப்பார்கள். "பக்கம் இருநூத்திப் பதினாலு, மூணாவது கணக்கு" என்று யாராவது சொன்னால் போதும், கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று ஒப்பிப்பார். கேட்டவனுக்கு அது சரியா தப்பா என்று தெரியாது. சொல்கிறவருக்கும் தெரியாது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

மகள் பள்ளியின் கடைசி வருடத்துக்கு வந்தாள். அவளுக்கு ஒரே ஆசை, பாலம் கட்டுகிற படிப்பு. நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கமெல்லாம் பாலமாக வரைந்து வைத்திருப்பாள். அந்தப் படிப்புக்கு உயர்கணிதம் கட்டாயம். எடுத்தாள். பாடப்புத்தகத்துக்கு அட்டை மட்டும்தான் மாறியிருந்தது, உள்ளே அதே நானூற்றுப் பன்னிரண்டு. நூறுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா இருக்கும்போது ட்யூஷன் எதற்கு என்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒரு சாயங்காலம் அந்த இருநூற்றுப் பதினாலாம் பக்கம் வந்தது. e-யின் அடுக்கு இரண்டு x, அதோடு சைன் மூன்று x. இரண்டையும் பெருக்கித் தொகையீடு காணவேண்டும். அப்பா ஒப்பித்தார், மகள் எழுதினாள். விடையில் கீழே பதிமூன்று என்று ஒரு எண் வந்து உட்கார்ந்தது. இந்தப் பதிமூன்று எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டாள்.

"அது வரும்," என்றார் அப்பா. "உன் வயசுல நான் இந்தக் கேள்வியெல்லாம் கேட்டதே இல்ல. பார்த்தாலே தெரியணும்."

அவள் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் அவர் பார்த்தாலே தெரியணும் என்றார், அவளும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். கேட்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டாள்.

இந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கு ஒரு புது கணக்கு டீச்சர் வந்து சேர்ந்தார். அவர் செய்த அக்கிரமத்தைக் கேளுங்கள். முதல் தேர்வில், புத்தகத்தில் இருக்கும் கணக்குகளில் எண்களை மாற்றிவிட்டார். சைன் மூன்று x இருந்த இடத்தில் சைன் ஐந்து x. வகுப்பில் முப்பத்துநாலு பிள்ளைகள், அதில் முப்பத்தோரு பேர் விடையில் பதிமூன்று என்று எழுதிவைத்தார்கள். அவர்களிலும் ஐந்து பேர் கேள்வியில் அச்சுப்பிழை என்று நினைத்து, ஐந்தை மூன்றாகத் திருத்திவிட்டே விடை எழுதினார்களாம். அதுவரை தொண்ணூறுக்குக் கீழே போகாத பிள்ளைகளெல்லாம் மண்ணைக் கவ்வினார்கள். நூறின் மகளுக்கு இருபத்தேழு.

அந்தப் பள்ளியில் ஒரு விதி உண்டு. உயர்கணிதம் ஒத்துவராதவர்கள், முதல் தேர்வு முடிந்ததும் சாதாரண கணிதத்துக்கு மாறிக்கொள்ளலாம். படிவத்தில் பெற்றோர் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டும். மாறினால் திரும்ப வரமுடியாது. பாலமும் போச்சு. மகள் அந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்து எடுத்துவந்து அம்மாவிடம் நீட்டினாள். பல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அம்மாவுக்கு வலியைப் பார்த்தாலே தெரியும். பிடுங்குவதற்கு முன்னால் எந்தப் பல் என்று பார்க்கவேண்டாமா, முதலில் அப்பாவிடம் பேசு என்று சொல்லி அனுப்பினாள்.

அப்பாவிடம் பேசமுடிந்தால்தானே. நூறு கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். என் ரத்தம், இருபத்தேழு வாங்குமா? தப்பு டீச்சர் மேல்தான். நாற்பது வருடமாக இருக்கும் கணக்கில் கைவைக்க இவர் யார்? அவர் மனைவி, மூன்றுக்குப் பதில் ஐந்து போட்டால் குடியா முழுகிவிடும் என்று கேட்டுப் பார்த்தாள். கணக்கு தெரியாதவர்களோடு இதைப் பேசமுடியாது என்று அவர் எழுந்து போய்விட்டார்.

மூன்றே நாளில் மனு தயார். 'பாடப்புத்தகத்தில் உள்ள எண்களை ஆசிரியர்கள் தம் இஷ்டத்துக்கு மாற்றுவது மாணவர்களின் மன அமைதியைக் குலைப்பதால், அவ்வாறு மாற்றும் ஆசிரியரை உடனடியாக மாற்றவேண்டும்.' இருபத்திரண்டு பெற்றோர் கையெழுத்திட்டார்கள். முதல் கையெழுத்து நூறுடையது. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 100/100 என்றும் போட்டிருந்தார்.

வியாழக்கிழமை கூட்டம். அரங்கத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்ததால் இயற்பியல் ஆய்வகத்தில் வைத்தார்கள். அங்கே உயரமான முக்காலிகள்தான் இருக்கும். பெற்றோர்கள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு குழந்தைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் சுவரோரம் பெரியவர்கள் மாதிரி நின்றிருந்தார்கள். தலைமையாசிரியர் சண்டையென்றால் காத தூரம் ஓடுகிறவர். மனுவைப் படித்ததும், புது டீச்சரை வேறு வகுப்புக்கு அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

டீச்சர் சின்ன உருவம், சத்தமே வராத குரல். சாருக்குக் கணக்கில் அவ்வளவு பழக்கம் இருப்பதால், அந்தத் தொகையீட்டை ஒருமுறை போர்டில் போட்டுக் காட்டமுடியுமா, தானும் கற்றுக்கொள்வேன் என்று மட்டும் கேட்டார். அதில் கேலி இருந்ததா என்று சத்தியமாகச் சொல்லமுடியாது. நூறு துள்ளி இறங்கினார். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி! சாக்பீஸை எடுத்தார், பதினோரு வரி, ஒரு இடத்தில் கூட நிற்கவில்லை. கடைசி வரியில் பதிமூன்றைப் போட்டு அடியில் இரண்டு கோடும் இழுத்தார். முக்காலிகள் கைதட்டின.

டீச்சர் எழுந்து வந்து, கேள்வியில் இருந்த மூன்றை விரலால் அழித்து ஐந்து என்று எழுதினார். இப்போது என்ன ஆகும் என்று கேட்டார். நூறு ஒன்றும் லேசுப்பட்டவர் இல்லை. மூன்று இருந்த இடமெல்லாம் மளமளவென்று ஐந்து போட்டுக்கொண்டே கீழே வந்தார். பதிமூன்றுக்கு வந்ததும் கை நின்றது. அதில் மூன்று இருக்கிறது. பதினைந்து ஆக்குவதா? ஒரு நிமிஷம் நிஜமாகவே அப்படி யோசித்தார். பிறகு அப்படியே விட்டுவிட்டார்.

"இந்தப் பதிமூணு எங்கிருந்து வந்தது சார்?"

"இருநூத்திப் பதினாலாம் பக்கத்துல இருந்து," என்றார்.

அவர் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆனாலும் ஆய்வகமே சிரித்தது. அவருடைய ஆட்கள், டீச்சரை மடக்கிவிட்டார் என்று நினைத்துத்தான் சிரித்தார்கள். நூறு வாங்கினவருக்கா தெரியாது, நம் வாயைக் கிளறுவதற்காகக் கேட்கிறார்கள், சொல்லுங்க சார் என்று ஒருவர் உற்சாகப்படுத்தினார். தலைமையாசிரியரும் பேனாவைத் திறந்து, மனுவின் மேல் குனிந்துவிட்டார். நூறு சிரித்தபடியே வந்து உட்கார்ந்திருந்தால் போதும். மனுவும் ஜெயித்திருக்கும், நூறும் பிழைத்திருக்கும்.

அப்போதுதான் அவர் சுவரோரம் பார்த்தார். எல்லாரும் சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. மகள் நோட்டைத் திறந்து, ஒரு வெற்றுப் பக்கத்தில் பேனாவை ஊன்றிக்கொண்டு நின்றாள். அப்பா இப்போதாவது சொல்லிவிடுவார், எழுதிக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். அடிப்பாவி, என்னை இப்படி நம்பிக்கொண்டிருக்கிறாளே என்று நினைத்தார். அவரை யாரும் அதுவரை அந்த மாதிரி நம்பியதில்லை.

"எனக்குத் தெரியாது டீச்சர்," என்றார்.

டீச்சர் அவரைக் குத்திக்காட்டவில்லை. இரண்டின் வர்க்கம் நாலு, மூன்றின் வர்க்கம் ஒன்பது, கூட்டினால் பதிமூன்று என்றார். ஐந்து வந்தால் நாலும் இருபத்தைந்தும் இருபத்தொன்பது. ஏன் அப்படிக் கூட்டுகிறோம் என்பதையும் மேலிருந்து ஆறாவது வரியில் காட்டினார். நூறு பேயறைந்த மாதிரி அந்த வரியையே பார்த்தார். அவர் கையால் எழுதிய வரிதான் அது. மனுவைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். மற்ற இருபத்தொரு பேர் விடுவார்களா? கடைசியில் தலைமையாசிரியர் ஒரு தீர்மானம் போட்டார். இனிமேல் எண்களை மாற்றுவதாக இருந்தால், பெற்றோருக்கு இரண்டு வாரம் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கவேண்டும். டீச்சர் தப்பித்தார்.

பேருந்து நிறுத்தத்தில் மகள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். இனி எந்த முகத்தோடு அவளை உயர்கணிதத்தில் இரு என்று சொல்வது? படிவத்தைக் கொடு, கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றார்.

அவள் பையைத் திறக்கவில்லை.

"அன்னைக்கு சாயங்காலம் நான் கேட்டப்பவும் உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"தெரியாதும்மா. எப்பவுமே தெரியாது."

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது, அடக்கமுடியாத சிரிப்பு. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. கையெழுத்து வேண்டாம், நாளைக்கு டீச்சரிடம் போய் முதலிலிருந்து கேட்டுக்கொள்கிறேன் என்றாள். அவர் பேனாவை மூடித் திரும்பவும் சட்டைப்பையில் செருகினார்.

"இத்தனை நாளும் நான்தான் மக்குன்னு நெனச்சு அழுதுட்டிருந்தேன்ப்பா," என்றாள். "எனக்கும் புரியலைன்னு நீங்க ஒரு தடவை சொல்லியிருந்தா போதும்."