விரலளவு செப்புக் கம்பி

நான் செய்த பிழையை ஒரு பெண்ணின் தலையில் கட்டினேன். அவளுடைய வெந்த கையில் கட்டுப் போட்டிருந்தபோதே அதைச் செய்தேன். தொழில்நுட்பக் கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் குளிரூட்டல் படிப்பித்தவன் நான். தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

ஓய்வு பெற்றபின் தன்னாமுனையில் வீட்டோடு இருந்த என்னை, வாகரைப் பக்கத்து மீனவப் பெண்கள் சங்கம் ஒன்று ஆலோசகராகக் கூப்பிட்டது. மாரியில் வெயில் இல்லாமல் மீன் புழுத்துப்போகிறது என்று, வெளிநாட்டு உதவியில் அவர்களுக்குக் கருவாடு காயவைக்கும் மெஷின் ஒன்று வந்திருந்தது. வெப்பப் பம்பியால் ஓடும் மெஷின். அறைக்குள் இருக்கும் ஈரக்காற்றை அது முதலில் ஒரு குளிர்ந்த குழாய்ச் சுருளின் மேல் விடும். ஈரம் தண்ணீராகி வடிந்துவிடும். அதே காற்றைச் சூடான சுருளின் மேல் விட்டு மீனுக்குத் திருப்பி அனுப்பும். குளிர்ந்த சுருளில் பனி பிடித்தால், காயவைப்பதை நிறுத்திச் சூட்டை அந்தப் பக்கம் திருப்பும்; பனி உருகியதும் மறுபடி தொடங்கும். குழாய்களுக்குள் அழுத்தம் அளவுக்கு மிஞ்சினால் காவல் சுவிட்ச் ஒன்று எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அதன்பின் ஓர் ஆள் வந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். ஏன் நின்றது என்று அந்த ஆள் பார்க்கட்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். இதை எத்தனை தடவை கரும்பலகையில் கீறிக் காட்டியிருப்பேன்.

மெஷினை ஓட்டச் சங்கம் தெரிந்தெடுத்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். இரண்டு பெண் பிள்ளைகளோடு தனியாக இருந்தாள். மாதச் சம்பளம் என்று அவளுக்கு வந்த முதல் வேலை அது. நான் சொன்னதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வாள். சுருளில் பனியை முதல் தடவை கண்டபோது சிரித்துவிட்டாள்.

“வெளிய வேர்த்து ஊத்துது, உள்ளுக்கு ஐஸ் பிடிச்சிரிக்கி. இது எந்த ஊரெண்டு மெஷினுக்குத் தெரியாது போல, சேர்.”

“நீ சொல்லிக் குடு பிள்ளை,” என்றேன்.

பிறகு ஈத் தொல்லை வந்தது. ஈக்கள் மெஷினுக்குள் இழுபட்டுச் செத்து மீன் தட்டுகளில் விழுந்தன. காற்று நுழையும் வாசலுக்கு நுளம்பு வலை கட்டச் சொன்னது நான்தான். ஒரே மாதத்தில் மீன் செதிலும் உப்பும் அந்த வலைக்கண்களை அடைத்துவிட்டன. காற்றுக் குறைந்ததும் ஒரு சுருளில் பனி கூடியது, மற்றதில் அழுத்தம் ஏறியது. மெஷின் அடிக்கடி நின்றது. அது சரியாகத்தான் நின்றது. வலையை ஒருதரம் தூக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் காலையிலிருந்து நாலு தடவை நின்றுவிட்டது. மறுநாள் ஏறாவூர் வியாபாரியின் லொறி வரவேண்டும். சங்கத் தலைவி எனக்குப் போன் எடுத்தாள்.

“சேர், இண்டைக்கு இது நிக்காம ஓடவேணும். இல்லாட்டி மறுகா அவங்க எங்களத் தேடி வரமாட்டாங்க.”

நான் போனபோது தலைவி வெளியே மீன் கூடைகளோடு நின்றாள். மெஷின் அறையில் நானும் ஓட்டுகிறவளும் மட்டும். மின்பெட்டியைத் திறந்து, காவல் சுவிட்சின் இரண்டு முனைகளுக்கும் நடுவே விரலளவு செப்புக் கம்பி ஒன்றை முறுக்கினேன். இனிச் சுவிட்ச் நிறுத்தினாலும் மெஷின் நிற்காது.

“என்ன சேர் இது? கொப்பியில இப்பிடி ஒண்டும் எழுதச் சொல்லல்லியே.”

“இண்டைக்கு மட்டும்தான். நாளைக்கு வந்து கழட்டுறன்.”

“நீங்க சொன்னாச் சரி,” என்றாள்.

மறுநாள் மழை. நான் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் குழாய் மூட்டு ஒன்று வெடித்து, குழாய்க்குள் ஓடிய கொதிக்கும் எண்ணெய் அவளுடைய வலக்கையில் அடித்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அறையில் யாரும் இல்லை. முதல் வேலையாகக் கம்பியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டேன். எப்போது என்ன கோளாறில் நின்றது என்பதை மெஷின் நினைவில் வைத்திருக்கும். அதையும் அழித்தேன்.

உதவி தந்தவர்களின் அதிகாரி விசாரிக்க வந்தார். கையில் கட்டோடு அவளும் அங்கே நின்றாள். “பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். இவர் அதற்குள் ஏதோ கைவைத்திருக்கிறார்,” என்றேன். அந்த அதிகாரியின் கீழ் என் மாணவர்கள் சிலர் வேலை செய்தார்கள். அவர்கள் காதில் என் பிழை விழக்கூடாது என்பது மட்டுமே அப்போது என் யோசனை. நான் திருத்திச் சொல்வேன் என்று அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்த பிறகுதான் கேட்டாள்.

“என்னத்துக்கு சேர் அப்பிடிச் சொன்னீங்க?”

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

அவளுடைய வேலை போனது. ஒரு வருடத்துக்குப் பிறகு, பழுது பார்த்த மெஷின் மறுபடி அடிக்கடி நின்றது. இந்த முறை வலையைத் தூக்கிப் பார்த்தேன். பாய் போலத் தடித்திருந்தது. கழுவிக் கட்டினேன். மெஷின் அன்று முழுதும் நிற்காமல் ஓடியது. பத்து நிமிட வேலை. அதன்பின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நடந்ததை எல்லாம் கடிதமாக எழுதித் தலைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் அதிரவில்லை.

“தெரியும் சேர். நீங்க கம்பி முறுக்கக்குள்ள நான் யன்னலால கண்டன்.”

“அப்ப ஏன் சொல்லயில்ல?”

“ஆலோசகர்ர பிழை எண்டா மெஷினையே திருப்பி எடுத்திருப்பாங்க. முப்பது பொம்பிளையள் இரிக்கம். போனது ஒருத்திதானே. இப்ப என்னத்துக்கு இதக் கிளறுறீங்க?”

கடிதத்தை அதிகாரிக்குத் தபாலில் அனுப்பினேன். ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு, வேலை இழந்தவளைத் தேடிப் போனேன். கடற்கரை மணலில் நாட்கூலிக்குக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி மினுங்கியது. மன்னிக்கச் சொன்னேன். அவள் கடிதத்தை வாங்கி வரிவரியாக வாசித்தாள். தலைவி யன்னலால் கண்டதையும் அனுப்புமுன் கடைசியில் சேர்த்து எழுதியிருந்தேன். அந்த இடத்தில் நிறுத்தினாள்.

“அவ எனக்கு மச்சாள், சேர். ஆஸ்பத்திரியில என்ர கையால சாப்பிட ஏலாம கிடக்கக்குள்ள, கஞ்சி கொண்டந்து பருக்கினவ.”

மச்சாள் கண்டும் மறைத்ததை அவளுக்குத் தெரியவைத்தது என் கடிதம்தான். எழுதும்போது அதை நான் யோசிக்கவே இல்லை.

என்னை ஆலோசகர் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. போன மாதம் ஒருமுறை போனேன். வாசலிலேயே மறித்தாள்.

“வெளிய நில்லுங்க சேர். பெட்டிக்குக் கிட்ட ஒருத்தரும் வரப்படாது.”

நான் நிற்கும்போதே மெஷின் நின்றது. அவள் சிவப்புப் பொத்தானுக்குப் போகவில்லை. வலையைக் கழற்றி, வாளித் தண்ணீரில் முக்கி, இடக்கையால் உரசிக் கழுவினாள். தலைவி மீன் கூடையோடு வந்து, அதை அவளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அவள் தலை நிமிராமல் வலையை உரசினாள். வலையைக் கட்டி முடித்தபின்தான் அவள் பொத்தானை அழுத்தினாள். பஸ் வரும்வரை நான் வெளியிலேயே நின்றேன்.