கந்தீலுக்கு வெட்டிய காகித வால்கள்

"சர்ர்" என்று ஒரே மூச்சில் ஓடினால் வெட்டு சுத்தம்; "கர்க்" என்று நடுவில் ஒரு தடவை இழுத்தாலும் தாள் கெட்டுப்போனது என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். எங்கள் வீட்டுப் பேப்பர் கட்டர் எழுப்பிய அந்த இரண்டு சத்தங்களும் இன்னும் என் காதில் இருக்கின்றன. அடியில் ஒரு பிளாஸ்டிக் பலகை, தாளை அழுத்திப் பிடிக்க ஒரு பட்டை, பட்டையோடு சறுக்கி ஓடும் சின்னஞ்சிறு பிளேடு, பிளேடின் நுனி இறங்கி ஓட ஒரு மெல்லிய பள்ளம், அவ்வளவுதான் அந்தச் சாமான். அதை வாங்கி வந்த அன்றே அதன்மேல் எங்கள் வீட்டில் சந்தேகம் தொடங்கிவிட்டது.

அப்பா சாகண் என்ற ஊரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தார். வருகிற ஒவ்வொரு பாகத்திலும் ஏதோ கோளாறு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தேடுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அந்தப் புத்தியைச் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம், அவர் விட்டதில்லை. பால் பாக்கெட்டைக் கையில் தூக்கி எடை பார்ப்பார். தர்பூசணியைத் தட்டிப் பார்த்த கையோடு கடைக்காரர் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார். எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று டாக்டரே சொன்னாலும் வீட்டுத் தெர்மாமீட்டர் ஒத்துக்கொள்ள வேண்டும். கட்டரில் அச்சடித்திருந்த அளவுகோலைத் தம்முடைய ஸ்டீல் ஸ்கேலோடு ஒட்டிவைத்து, மயிரிழை தப்பாக இருக்கிறது என்று கண்டுபிடித்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "கல்யாணத்தன்னிக்கே என்ற பேரை எங்கிட்டயே ரெண்டு வாட்டி கேட்ட மனுசன் கண்ணு உங்கப்பா" என்று அம்மா கோயமுத்தூர்ப் பேச்சு மாறாமல் கிண்டல் செய்வாள்.

நாங்கள் கோயமுத்தூரை விட்டு, மராத்தி பேசும் வாகடுக்குக் குடிவந்த புதிது அது. தீபாவளிக்கு முன்னால் எங்கள் குடியிருப்பில் குழந்தைகளுக்கெல்லாம் "ஆகாஷ் கந்தீல்" போட்டி வைப்பார்கள். காகிதத்தில் விளக்குக்கூடு செய்து, அதன் அடியில் "ஜிர்மிள்யா" என்று இங்கே சொல்கிற நீண்ட காகித வால்களைத் தொங்கவிட வேண்டும், எது நன்றாக இருக்கிறதோ அது பண்டிகை முடியும்வரை வாசல் கேட்டில் தொங்கும். மராத்தி தெரியாததால் விளையாட்டில் எப்போதும் கடைசி ஆளாகச் சேர்க்கப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் கேட்டில் என் கந்தீல் தொங்கிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு.

கூடு செய்வது சுலபமாகத்தான் இருந்தது, வால்தான் பாடாய்ப் படுத்தியது. பட்டம் செய்கிற மெல்லிய வண்ணத்தாள் பிளேடைக் கண்டாலே சுருங்கி, மடங்கி, நாய் கடித்த மாதிரி கிழிந்து வந்தது. அப்பாவின் பெண்ணாயிற்றே, ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். கடைக்காரர் பழைய தாளைத் தள்ளிவிட்டார் என்று முதலில் தாளின்மேல் சந்தேகம். அப்புறம் பிளேடின்மேல், புதியது மாற்றினேன். அதற்கப்புறம் பள்ளத்தின்மேல், அதில் அடைந்திருந்த காகிதத் தூசியைப் பல்குத்தும் குச்சியால் நோண்டி எடுத்தேன். கடைசியில், மேலும் கீழுமாக அறுத்துக்கொண்டிருந்த என் கையின்மேலேயே சந்தேகம் வந்து, ஒரே திசையில் ஒரே இழுப்பாக இழுக்கப் பழகினேன். அப்படியும் விளிம்பில் பிசிறு இருந்தது. ஒருநாள் பழைய கணக்கு நோட்டின் தாள்களை வெட்டும்போது, நடுவில் தெரியாமல் சிக்கியிருந்த வண்ணத்தாள் மட்டும் சீவி எடுத்தது போல வெளியே வந்தது. பிறகென்ன, இரண்டு நோட்டுத் தாள்களுக்கு நடுவே வண்ணத்தாளை வைத்து, பட்டையை அழுத்திப் பிடித்து, "சர்ர்". எல்லா வால்களும் ஒரே அகலம், ஒரே நேர்க்கோடு. நானே செய்தேனா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்த ஆச்சரியம் போட்டி நடத்திய காகுவுக்கும் வந்துவிட்டது. காகு என்றால் இங்கே அத்தை, மாமி எல்லாம் சேர்ந்த ஒரு மரியாதை. என் வால்களை இரண்டு விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் "ஹே விகத் ஆணலய்" என்றார். கடையில் வாங்கியது என்று அர்த்தம். அந்த அளவு மராத்தி எனக்கு வந்திருந்தது. கூட வந்திருந்த அம்மா தனக்குத் தெரிந்த இந்தியில் "நை ஜீ, பச்சி ஹீ கியா ஜீ" என்று, குழந்தையேதான் செய்தாள் என்று மன்றாடினாள். காகு சிரித்துக்கொண்டே தலையாட்டி, என் கந்தீலைத் தனியாக ஒரு மூலையில் வைத்துவிட்டார். சுற்றி நின்ற பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையில் உடம்பெல்லாம் கூசியது. நான் கந்தீலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

அன்று அப்பாவுக்கு விடுமுறை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார், என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகக் கீழே போய், என் மகள் பொய் சொல்ல மாட்டாள் என்று சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கந்தீலிலிருந்து ஒரு வாலைக் கழற்றி பால்கனி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார், திருப்பிப் பார்த்தார், இன்னொரு வாலையும் கழற்றினார். இரண்டிலும் ஒரே இடத்தில், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு சின்னப் பிசிறு. கட்டரை எடுத்துவந்து வாலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். பள்ளத்தில் அதே இடத்தில் ஒரு கீறல் இருந்தது. அப்புறம்தான் என்னை நிமிர்ந்து பார்த்து, "நம்ம கட்டர்ல வெட்டினதுதான்" என்றார்.

கட்டரையும் கந்தீலையும் கழற்றிய வால்களையும் எடுத்துக்கொண்டு போய்க் காகுவுக்கு முன்னால் வைத்து விளக்கினார். காகு தாராளமாக மன்னிப்புக் கேட்டு, என் கன்னத்தைக் கிள்ளி, அன்று சாயங்காலமே என் கந்தீலைக் கேட்டில் தொங்கவிட்டார். பிள்ளைகள் எல்லாம் என்னைச் சுற்றி வந்தார்கள். எனக்குத்தான் வீட்டுக்கு வந்தபின் சாப்பாடு இறங்கவில்லை.

"அதான் தொங்கவுட்டாச்சே, இன்னும் எதுக்குக் கண்ணு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?" என்றாள் அம்மா.

"நான்தான் செஞ்சேன்னு நான் சொன்னேனில்ல. அது போதாதாப்பா?" என்று அப்பாவிடம் கேட்டே விட்டேன்.

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "உன்னை நம்பலீன்னு யாரு சொன்னா? எதையும் கையில எடுத்துப் பார்க்காம வாயில சொல்லக்கூடாது கண்ணு, அவ்வளவுதான்" என்றார். காகு சந்தேகப்பட்டபோது கோபம்தான் வந்தது, அப்பா சோதித்துப் பார்த்தது வலித்தது. அப்பா என்னை நம்பவில்லை, கீறலைத்தான் நம்பினார் என்று வெகுகாலம் மனதில் வைத்திருந்தேன்.

இப்போது அந்தக் கட்டருக்குப் பிளேடு கிடைப்பதில்லை. குடியிருப்புகளில் கந்தீல்கள் மிஷினில் வெட்டப்பட்டு அட்டைப்பெட்டியில் வந்து இறங்குகின்றன. யார் செய்தது என்று யாரும் கேட்பதில்லை, விளிம்பைத் தடவிப் பார்க்க ஒரு காகுவும் இல்லை. நான் வாகடுக்குக் கொஞ்சம் தள்ளி ஔந்தில் இருக்கிறேன். அப்பா ஓய்வு பெற்று, அம்மாவோடு அதே வாகட் வீட்டில் இருக்கிறார். பால் பாக்கெட்டை வாங்கி, எடை பார்க்காமல் அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் "வேலையெல்லாம் எப்படிப் போகுது கண்ணு?" என்று கேட்டார். என்னோடு இன்னும் பலரையும் கம்பெனி வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பியிருந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "நல்லாப் போகுதுப்பா" என்றேன். அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்: எந்தப் புராஜெக்ட், மேலே யார், சம்பளம் எந்தத் தேதியில் வந்தது. எல்லாவற்றுக்கும் பொய் தயாராக வைத்திருந்தேன்.

"நீ சொன்னாச் சரி சாமி" என்று சொல்லிவிட்டு, அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.