பத்திரத்தில் இல்லாத வரி

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருடம் முத்தியால்பேட்டையில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கினேன். விற்றவர் தனலட்சுமி அக்கா. கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை.

"எங்காலம் முடியிற வரைக்கும் பின்கட்டு அறையில நான் இருப்பேன்னு பத்திரத்துல எழுதிடு தம்பி" என்றார். தலையாட்டினேன். ஆனால், பின்னால் தொல்லையாகும் என்று அதை எழுதச் சொல்லாமலே விட்டேன்.

பத்திரம் எழுதிப் பதியும் நொத்தேர் அலுவலகத்தில் பத்திரத்தைப் பிரெஞ்சில் வாசித்தார்கள். அக்காவுக்குத் தமிழில் சொல்ல நானே முன்வந்தேன்.

"நான் சொன்னது வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

கைநாட்டு வைத்தார்.

ஆறு மாதம் கழித்து, பிரசவத்துக்கு அந்த அறை வேண்டுமென்று என் மனைவி அவரைக் காலி செய்யச் சொன்னாள். அக்கா கோபப்படவில்லை. டிரங்குப் பெட்டியிலிருந்து பத்திரத்தின் நகலை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார்.

"படிச்சுக் காட்டு தம்பி. பாவம், உன் பொண்டாட்டிக்குத் தெரியாதில்ல."

இருவரும் என் வாயையே பார்த்தார்கள். இல்லாத வரியைப் பிரெஞ்சில் கட்டிப் படித்தேன், தமிழிலும் சொன்னேன். மனைவி உள்ளே போனாள்.

"நீ படிச்சவன், உன்ன நம்பித்தான் தூங்குறேன்" என்று அக்கா தாளை மடித்துக்கொண்டார்.

அவர் இருந்த ஏழு வருடமும், பிரெஞ்சு தெரிந்த ஒருவரைக்கூட நான் வீட்டுக்குள் அழைத்ததில்லை.